நர்சம்மா பதில்கள்

(வடசென்னையில் மாநகராட்சி சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தாய்-சேய் நலம், குடும்ப நலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு எழுதும் பகுதி)

*

எனக்கு இரண்டு மாதம் முடிந்து மூன்றாவது நடக்கிறது. முதலிலிருந்தே பெரம்பூரில் ஒரு தனியார் டாக்டரிடம்தான் காட்டுகிறேன். பிரசவமும் அங்கேதான். ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸ், "சென்டருக்கு வந்து பிக்மி நம்பர் போட்டுக்கோம்மா" என்று விடாமல் நச்சரிக்கிறார். கவர்மென்ட் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத எனக்கு அந்த நம்பர் எதற்கு?
– வாசகி, வியாசர்பாடி

பிறக்கப் போகும் உங்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அம்மா. 2017 முதல் தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தாலும், அது ராயபுரம் அரசு மருத்துவமனையானாலும் ஏ.சி. அறை வாடகை வாங்கும் நர்சிங் ஹோமானாலும், பிறப்பைப் பதிய, கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கும் அந்த 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள். பிக்மி நம்பர், ஆர்.சி.எச். நம்பர் இரண்டும் அதுதான். குழந்தை பிறந்து வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் "ஆர்.சி.எச். நம்பர் சொல்லுங்க" என்பார்கள். பிள்ளையின் அப்பா வியர்த்து விறுவிறுத்து எங்கள் சென்டருக்கு, அதாவது மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கு, ஓடி வருவார். தையல் போட்ட உடம்போடு பெண் அங்கே ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருப்பாள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் செலவும் இல்லை, அலைச்சலும் இல்லை. அதற்கு இந்த எண் கையில் இருக்க வேண்டும்.

அந்த நர்ஸ் உங்களை டாக்டர் மாற்றச் சொல்லவில்லை. தாராளமாக உங்கள் டாக்டரிடமே போங்கள். ஒரே ஒரு தடவை சென்டருக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆதார், கைப்பேசி, உங்கள் பெயரிலுள்ள பாங்க் பாஸ்புக், டாக்டர் எழுதிய சீட்டு, இவ்வளவு போதும். போனால் சும்மா அனுப்ப மாட்டார்கள். எடை, பிரஷர், ஹீமோகுளோபின், சிறுநீர், ரத்த வகை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை எல்லாம் பார்ப்பார்கள். குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து சுகர் பார்ப்பார்கள். குடிக்கும்போது குமட்டும். மூச்சைப் பிடித்துக் குடித்துவிடுங்கள். வெளியில் லேபில் இதற்கெல்லாம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே எல்லாம் இலவசம்.

போவதை இந்த வாரமே செய்யுங்கள் என்பதற்கு இன்னொரு காரணம், 12 வாரம் என்ற கெடு. மகப்பேறு உதவித்தொகைக்குத் தகுதி இருப்பவர்கள் அதற்குள் பதிந்திருக்க வேண்டும். 12 வாரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பாதிப் பேருக்குக் குழப்பம். கடைசியாகத் தலைக்குக் குளித்தீர்களே, அந்த மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். நாங்கள் எல்.எம்.பி. என்போம். "எப்போம்மா கடைசியா குளிச்சே?" என்று கேட்டால் காசிமேட்டுப் பெண்கள் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். "ஆடிக்கிருத்திகைக்கு நாலு நாள் முன்னாடி சிஸ்டர்", "எங்க நாத்தனார் வளைகாப்பு அன்னிக்கு" என்பார்கள். காலண்டரைப் புரட்டி நாங்கள் தேதியாக மாற்றிக்கொள்வோம். அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவ நாள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. இந்தக் கணக்கு மாதவிடாய் ஒழுங்காக 28 நாளைக்கு ஒரு தடவை வருபவர்களுக்குச் சரியாக வரும். மற்றவர்களுக்கு ஸ்கேன் பார்த்துத் திருத்துவார்கள்.

உங்கள் தெரு நர்ஸ் நச்சரிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நோட்டில் உங்கள் பகுதியிலுள்ள 'ஏ.என். மதர்', அதாவது கர்ப்பிணிகள், அத்தனை பேரும் இருக்க வேண்டும். யாருக்கு ரத்தம் குறைவு, யாருக்கு முதல் பிரசவம் சிசேரியன், யாருக்குப் பிரஷர் என்று தனியாகச் சிவப்பு மையில் குறித்திருப்பார். தனியாரிடம் போகும் பெண் அந்த நோட்டில் இல்லாமல் போய்விடுகிறாள். நடுராத்திரியில் வலிப்பு வந்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போதுதான் அவளுக்குப் பிரஷர் இருந்ததே தெரிய வரும். அதற்குத்தான் நச்சரிப்பு.

*

வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு, விழுப்புரம் பக்கம் போகிறேன். இங்கே போட்ட நம்பர் அங்கே செல்லுமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

செல்லும். தமிழ்நாட்டில் எங்கே போனாலும் அதே எண்தான். புதிதாக இன்னொன்று போட்டுவிடாதீர்கள். இரண்டு எண் விழுந்தால் உதவித்தொகை நடுவில் சிக்கிக்கொள்ளும். கிளம்புவதற்கு முன் உங்கள் நர்ஸிடம் ஊர்ப் பெயரையும் அம்மா வீட்டு போன் நம்பரையும் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே போய் இறங்கிய வாரமே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். தாய்-சேய் நல அட்டையை பெட்டிக்குள் புடவை அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

*

முத்துலட்சுமி ரெட்டி பணம் என்கிறார்களே, மொத்தம் எவ்வளவு? என் தங்கைக்கு ஒரு தவணை வந்தது, அடுத்தது வரவில்லை. அந்த அம்மையார் யார்?
– வாசகர், புளியந்தோப்பு

மேலே சொன்ன மகப்பேறு உதவித்தொகைதான் அது. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணை தவணையாக பாங்கில் விழும். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம், தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்.

அடுத்த தவணை நிற்பதற்கு நான் பார்த்தவரை மூன்று காரணம்தான். பாங்க் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய கதை. அல்லது கணக்கில் ஆதார் இணைக்காமல் இருப்பது. இரண்டும் இல்லை என்றால், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள், ஆனால் தனியாரிடம் போட்டதால் நம் பதிவில் ஏறியிருக்காது. தவணை தடுப்பூசியோடு சேர்ந்தது. ஊசி போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு போய் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பணம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். இதற்கு நடுவில் ஆளே தேவையில்லை.

பெட்டகத்தில் ஆவின் நெய், பேரீச்சை, சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். நெய் அடுத்த நாளே வீட்டுப் பொங்கலில் உருகிப் போவதையும் பார்த்திருக்கிறேன். அது கர்ப்பிணிக்கு, தம்பி. தங்கச்சி சாப்பிட்டாளா என்று நீங்கள் கேளுங்கள்.

அம்மையார் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர், சென்னை மாகாண சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அவ்வை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் தொடங்கியவை.

*

என் பேரனுக்கு ஒன்றரை மாசத்து ஊசி போட்டு வந்தார்கள். அன்று ராத்திரி முழுக்க ஜுரம், தொடை கல் மாதிரி வீங்கி, குழந்தை காலை அசைக்கவிடவில்லை. அடுத்த ஊசி வேண்டாம் என்கிறேன். மருமகள் கேட்க மாட்டேன் என்கிறாள். நான் நான்கு பிள்ளை பெற்றேன். இத்தனை ஊசி யார் போட்டார்கள்? நல்லாத்தானே இருக்கிறார்கள்?
– வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் திட்டுங்கள்.

இடது தொடையில் போட்டார்களே, அதுதான் ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஒரு வகை மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொடுக்கும் ஹிப் கிருமி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில் இதைக் கொண்டுவந்தார்கள். ஜுரம் வருவது பெரும்பாலும் அதிலுள்ள கக்குவான் மருந்தால். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். டாக்டரோ நர்ஸோ குழந்தையின் எடைக்குச் சொன்ன அளவு பாராசிட்டமால் சொட்டு கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். அடிக்கடி பால் கொடுக்கச் சொல்லுங்கள். வீக்கத்துக்கு மஞ்சள் பற்று, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அடிக்கட்டி கொஞ்ச நாள் இருந்து தானே கரையும். குழந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு போனாலோ உடனே ஆஸ்பத்திரி. அது மிக அபூர்வம். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வெறும் ஜுரத்துக்கும் வீக்கத்துக்கும் ஊசியை நிறுத்த வேண்டியதில்லை.

உங்கள் நான்கு பேரும் நல்லா இருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் உங்கள் காலத்துத் தெருவை நினைத்துப் பாருங்கள். காலை இழுத்து இழுத்து நடக்கும் போலியோ பிள்ளை ஒன்று இல்லாத தெரு இருந்ததா? இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு சிறுமி. 2014 மார்ச்சில் நாடே போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கியது. உங்கள் பேரன் வகுப்பில் காலிப்பர் போட்ட பிள்ளையே இருக்காது. ஜுரம் வந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறது. வராமல் போன நோய் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

"அந்த மருந்து நல்ல மருந்தா என்று யாருக்குத் தெரியும்" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. உங்களுக்கே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அடுத்த தடவை நர்ஸிடம் மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளிலோ மூடியிலோ ஊதா நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் வெளுப்பாக ஒரு சின்னச் சதுரம் இருக்கும். மருந்து சூடு பட்டால் அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை சூடு பட்டுக் கெடவில்லை என்று பொருள். வட்டமும் சதுரமும் ஒரே நிறமாகிவிட்டால் நாங்களே போட மாட்டோம், தனியாக எடுத்து வைத்துவிடுவோம். ஐஸ் பேக் நான்கு வைத்த நீலப் பெட்டியில் தூக்கி வருவதும், வெயிலில் மூடியைத் திறக்கவிடாமல் உங்களிடம் எரிந்து விழுவதும் இந்தச் சதுரத்துக்காகத்தான். கேட்டால் எந்த நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் எனக்கு எழுதுங்கள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பாதீர்கள்.

*

ஊருக்குப் போனதில் இரண்டரை மாசத்து ஊசி தவறிவிட்டது. இப்போது குழந்தைக்கு ஐந்து மாதம். மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா?
– வாசகி, எண்ணூர்

வேண்டாம். பாதி கட்டிய வீட்டை இடித்துவிட்டு மறுபடி அஸ்திவாரமா தோண்டுவோம்? விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். இந்தப் புதன்கிழமையே போங்கள், அதுதான் தடுப்பூசி நாள். திட்டுவார்களோ என்று பயந்தே பலர் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போடுகிறார்கள். திட்டினால் ஒரு நிமிஷம் வாங்கிக்கொள்ளுங்கள்.

*

ஸ்கேன் எடுக்கும்போது ஆணா பெண்ணா என்று ஜாடையாகச் சொல்லும் இடம் எங்கே இருக்கிறது?
– பெயர் போடாத வாசகர்

ஜெயிலுக்குப் போகும் வழியில். 1994 சட்டப்படி சொன்னவருக்கும் கேட்டவருக்கும் சேர்த்து.

*

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. ரத்தம் 9.2 தான் இருக்கிறது என்று திட்டுகிறார்கள். என்ன செய்ய?
– வாசகி, கொடுங்கையூர்

மலம் கறுப்பாகப் போவது மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். எங்களுக்கு அது துப்பறியும் வழியும்கூட. "மாத்திரை தவறாம போடறேன் சிஸ்டர்" என்று சத்தியம் செய்கிற பெண்ணிடம் மலத்தின் நிறத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும். வீடு பார்க்கப் போகும்போது பீரோ மேலே, சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டிரம்முக்கு அடியில் என்று பிரிக்காத அட்டை அட்டையாக எடுத்திருக்கிறேன்.

வாந்திக்கு வழி இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் போடாமல் ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்முன் போடுங்கள். கூடவே எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ. டீ, காபி, பாலோடு போட்டால் உடம்பில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்காதீர்கள். அதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9.2 என்றால் மாத்திரையிலேயே ஏற்றிவிடலாம், மனசு வைத்தால். குடற்புழு மாத்திரை கொடுத்தார்களா என்று கேளுங்கள், நான்காவது மாதத்துக்கு மேல் ஒரு தடவை கொடுப்பார்கள். இத்தனைக்கும் ஏறவில்லை என்றால் ட்ரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றுவார்கள். பீட்ரூட் ஜூஸ் குடித்தே ஏற்றிவிடுகிறேன் என்று அடம்பிடிக்காதீர்கள். பீட்ரூட்டுக்கு நிறம்தான் அப்படி. முருங்கைக்கீரை, பொட்டுக்கடலை, சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் இதெல்லாம் எவ்வளவோ மேல்.

*

எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள், போதும் என்று முடிவு செய்துவிட்டோம். நான் மூட்டை தூக்கும் வேலை பார்க்கிறேன். என் மனைவி ஆபரேஷன் செய்துகொள்வதுதான் வழக்கம், சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் செய்துகொண்டால் வேலை பார்க்க முடியாதாம், 'அந்த' விஷயமும் போய்விடுமாம். உண்மையா?
– வாசகர், மூலக்கொத்தளம்

தம்பி, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஆண் ஒருவர் இதைத் தன் கையெழுத்தில் கேட்டு எழுதியதே எனக்குப் பெரிய விஷயம். விவரமாகவே சொல்கிறேன்.

பெண்ணுக்கு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். சின்னதாகத்தான் கிழிப்பார்கள், ஆனாலும் வயிறு வயிறுதான். மயக்க மருந்து, ஆஸ்பத்திரியில் படுக்கை, தையல், அப்புறம் குடம் தூக்காதே, குனியாதே. உங்களுக்கு என்றால் விதைப்பையின் தோலில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியே வைக்காமல் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக விந்தணு வரும் குழாயை வெளியே எடுத்து, துண்டித்துக் கட்டிவிடுவார்கள். கால் மணி நேர வேலை. தையல் கிடையாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரம் மூட்டை தூக்க வேண்டாம். அதற்கு மேல் உங்கள் வேலையை நீங்கள் பார்க்கலாம்.

'அந்த' விஷயத்துக்கு வருவோம். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அந்தக் குழாயில் போவதில்லை. ஆசை, விறைப்பு, விந்து வெளியேறுவது எல்லாம் பழையபடியே இருக்கும். விந்தில் அணுக்களின் பங்கு மிகக் கொஞ்சம். அது மட்டும் இருக்காது. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்த அன்றே பலன் வராது. குழாயில் ஏற்கெனவே உள்ள அணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று எழுதி வாங்கிய பிறகுதான் விட வேண்டும். இந்த மூன்று மாதத்தை யாரும் சரியாகச் சொல்லாததால், ஆபரேஷனுக்குப் பிறகு மனைவி கர்ப்பமாகி, பாவம் அந்தப் பெண்ணின் நடத்தையைச் சந்தேகப்பட்ட குடும்பங்களும் உண்டு.

ஆண்கள் இதற்கு வருவதே இல்லை என்பதும் எப்போதும் அப்படி இருந்ததல்ல. 1950களிலேயே மெட்ராஸ் மாநிலத்தில் அரசு பணம் கொடுத்து ஆண்களுக்கு இந்த ஆபரேஷனைச் செய்தது. ஆர்.ஏ. கோபாலசுவாமி என்ற அதிகாரி, 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர், இங்கே தலைமைச் செயலாளராக இருந்து அதை முன்னால் நின்று நடத்தினார். நாடெங்கும் அந்தக் காலத்தில் ஆண்கள்தான் அதிகம் செய்துகொண்டார்கள். அப்புறம் எமர்ஜென்சி வந்தது. 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் ஆண்கள், வடநாட்டில் பலரைப் பிடித்து இழுத்துப் போய்ச் செய்தார்கள். அந்தப் பயத்தில் ஆண்கள் விலகினார்கள், பாரம் முழுக்கப் பெண்கள் வயிற்றின் மேல் விழுந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேற மாட்டார்கள்.

கடைசிக் குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிட்டதா என்று மட்டும் நிதானமாக யோசியுங்கள். இது திரும்பப் பெற முடியாத முடிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். செய்துகொண்ட ஆணுக்கு 1,100 ரூபாய் ஈட்டுத்தொகையும் உண்டு. வருஷா வருஷம் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கென்றே இரண்டு வார முகாம் நடக்கும். கூச்சமாக இருந்தால் வேறு வார்டிலுள்ள சென்டரில் போய்க் கேளுங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

*

காப்பர்-டி மேலே ஏறி நெஞ்சுக்குள் போய்விடும் என்கிறார்களே?
– வாசகி, திருவொற்றியூர்

காப்பர்-டி கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம். கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழி கிடையாது. அபூர்வமாகத் தானே கீழே நழுவி விழலாம், அதனால் மாதவிடாய் முடிந்ததும் நூல் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். அதைவிட அபூர்வமாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போனதுண்டு, அதற்குத்தான் பழகிய கையால் போட வேண்டும் என்பது. 380-ஏ என்ற வகை பத்து வருஷம் இருக்கும். வேண்டாமென்றால் என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளவும் முடியும். ஆனால் உங்களைக் கேட்காமல் யாரும் போடக் கூடாது. போட்டார்களா என்று தெரியவில்லை என்றால் டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள்.

இது பிடிக்கவில்லை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் 'அந்தரா' ஊசி இருக்கிறது. ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரை இருக்கிறது, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. லக்னோ ஆராய்ச்சிக் கூடத்தில் நம்மவர்களே கண்டுபிடித்தது. எல்லாம் சென்டரில் இலவசம்.

*

எதிர்பாராமல் தரித்துவிட்டது, இப்போது ஏழு வாரம். கைக்குழந்தைக்கு எட்டு மாதம்தான். கலைக்கப் போனால் கணவர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் வெளிநாட்டில் இருக்கிறார்.
– பெயர், ஊர் வேண்டாம்

18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். 1971 சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. கணவர், மாமியார், அப்பா யார் கையெழுத்தும் தேவையில்லை. உங்கள் பெயரை வெளியே சொல்லவும் கூடாது. 20 வாரம்வரை ஒரு டாக்டர் முடிவு செய்தால் போதும். ஏழு வாரம் என்பது சீக்கிரம்தான், ஆனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போங்கள். எழும்பூரும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தியும் உங்களுக்கு எட்டும் தூரம்தான் என்று நினைக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை உதவாது, உள்ளே வெடித்து உயிருக்கே வந்துவிடும். அதற்குத்தான் முதலில் ஸ்கேன்.

*

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 17 வயது. போன வருஷம் ரகசியமாகக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள், இப்போது ஐந்து மாதம். சென்டருக்குப் போனால் போலீஸ் வரும் என்று வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?
– வாசகி, கொளத்தூர்

போலீஸ் வராது என்று பொய் சொல்ல மாட்டேன். 18 வயதுக்குக் கீழே என்றால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டம் டாக்டரையும் எங்களையும் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் அதைக் காரணம் காட்டி யாரும் அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் மறுக்க முடியாது. உதவித்தொகை கிடைக்காது, மற்றது எல்லாம் கிடைக்கும்.

அவளுக்கு இப்போது பெரிய ஆபத்து போலீஸ் அல்ல. இந்த வயதில் பிரஷரும் ரத்தசோகையும் குறைமாதப் பிரசவமும் சகஜம். ஐந்து மாதமாக ஒரு தடவைகூட பிரஷர் பார்க்காமல், ஒன்பதாம் மாதம் வீட்டிலேயே வலி எடுத்தால் என்ன செய்வார்கள்? அவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் 1098-க்குப் போன் போடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு உறவு கெடும். கெடட்டும்.

*

கோடையில் கழுதைப்பால் ஒரு சங்கு கொடுத்தால் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வராது என்று தெருவில் விற்கிறார்கள். மூன்று மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

கூடாது. காய்ச்சாத பால், தெருப் புழுதி, எத்தனை வாய் பட்ட சங்கோ அது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். மே மாத வெயிலிலும் தண்ணீர்கூட வேண்டாம், பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, உரமருந்து எதுவும் வேண்டாம்.

*

வாரா வாரம் மாநகராட்சிப் பணியாளர் வீட்டுக்குள் வந்து டிரம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார். நாங்கள் மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர்தான் பிடிக்கிறோம், சுத்தமாக மூடி வைக்கிறோம். சாக்கடையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஏன்?
– வாசகி, எம்.கே.பி. நகர்

டெங்குக் கொசுவுக்கு சாக்கடை பிடிக்காது. அதற்கு உங்கள் நல்ல தண்ணீர்தான் வேண்டும். மூடிக்கும் டிரம்முக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி போதும். தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். கறுப்பு மிளகுத்தூள் ஒட்டியது போலத் தெரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டோம், முடிந்தது என்று நினைப்பீர்கள். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால் வாரம் ஒரு நாள் உள்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரா வாரம் வருகிறார்கள்.

அவர்கள் பார்க்க மறக்கும் இடத்தை நான் சொல்கிறேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், இழுத்துப் பாருங்கள். மாடியில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், மணிபிளான்ட் பாட்டில். மாடி டயரை எடைக்குப் போட்டுவிடுங்கள்.

டார்ச் அடிக்கும் அந்தப் பெண்ணுக்கு வெயில் நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். டிரம் தண்ணீராகவே இருக்கட்டும்.

*

அப்பாவுக்கு 68 வயது, சுகரும் பிரஷரும். மாதா மாதம் வரிசையில் நிற்க அவரால் முடியவில்லை. மாத்திரை வீட்டுக்கே வருமாமே?
– வாசகர், மணலி

வரும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்தான் அது. சென்னையிலும் நடக்கிறது. முதல் தடவை அப்பாவை ஒரு முறை சென்டருக்குக் கூட்டிப் போய் பெயர் பதிய வேண்டும், டாக்டர் பார்த்து மருந்து முடிவு செய்வார். அதற்குப் பிறகு உங்கள் தெருவுக்கு வரும் பெண் தன்னார்வலர் மாத்திரை கொண்டுவந்து கொடுத்து, பிரஷரும் பார்த்துவிட்டுப் போவார். யார் உங்கள் பகுதிக்கு என்பது தெரியாவிட்டால் அங்கன்வாடி டீச்சரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்காது. அல்லது 104-க்குப் போன் போடுங்கள். வீட்டுக்கு மாத்திரை வருகிறதே என்று டாக்டரிடம் காட்டுவதை மொத்தமாக விட்டுவிடாதீர்கள். கண், கால், சிறுநீரகம் மூன்றையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

*

(கேள்வி அனுப்புகிறவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டின் அசலை அனுப்ப வேண்டாம், ஜெராக்ஸ் போதும். வயதை எழுதுங்கள். அவசரமென்றால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.)